கணிப்பொறிக்குள் ஒரு சந்தேக நபர்

போலீஸ் விசாரணை என்றதும் நம் மனக்கண்முன் நிற்பது திரைப்படக் காட்சிதான். இருட்டறை, தலைக்கு மேல் ஆடும் ஒற்றை விளக்கு, மேசையை ஓங்கி அறையும் அதிகாரி, இரண்டே நிமிடத்தில் உண்மையைக் கக்கிவிடும் திருடன். முறையான விசாரணை அறையில் இவற்றில் ஒன்றும் இராது. இரண்டு மூன்று நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு பதிவுக் கருவி, மணிக்கணக்கில் பேச்சு, அவ்வளவுதான். எந்தக் கேள்வியை எப்பொழுது, எந்தத் தொனியில் கேட்பது என்பதுதான் அங்கே அதிகாரியின் கையிலுள்ள ஒரே கருவி. அக்கருவியைத் தவறாகக் கையாண்டால் என்ன ஆகும்? நெதர்லாந்து நாட்டில் நடந்த வழக்கு ஒன்றைப் பார்ப்போம்.

2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ராட்டர்டாம் நகரை அடுத்த ஸ்கீடாம் என்னும் ஊரின் பூங்கா ஒன்றில் பத்து வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். உடனிருந்த சிறுவன் காயங்களுடன் உயிர் தப்பினான். அவ்வழியே வந்து அவனைக் கண்டு போலீசுக்குத் தகவல் கொடுத்த மனிதர் மீதே பின்னர் சந்தேகம் விழுந்தது. நீண்ட விசாரணையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு அந்த ஒப்புதலை மறுத்தார். மறுப்பு எடுபடவில்லை. 18 ஆண்டுச் சிறையும் கட்டாய மனநலச் சிகிச்சையும் விதிக்கப்பட்டன. 2004-இல் வேறொருவன் தானே அக்கொலையைச் செய்ததாகக் கூறினான். மரபணுத் தடயமும் அவனையே காட்டியது. செய்யாத குற்றத்துக்காக முதல் மனிதர் அதற்குள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்துவிட்டார்.

செய்யாததைச் செய்தேன் என்று ஒருவர் ஏன் சொல்ல வேண்டும்? அடி உதை இல்லாமலேகூட இது நடக்கிறது. களைப்பு, ‘இனி என் பேச்சை எவரும் நம்பப்போவதில்லை’ என்ற மனச்சோர்வு, ஒப்புக்கொண்டால் இப்போதைக்கு இந்த அறையிலிருந்து தப்பலாமே என்ற எண்ணம், இவை போதும். மறுபுறம், விசாரிப்பவர் தம் சந்தேகம் சரியென்று முன்கூட்டியே முடிவு கட்டியிருப்பார். ‘ஆளைப் பார்த்தாலே பொய் சொல்கிறானா என்று தெரிந்துவிடும்’ என்பது பலரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வாக்கியம். பாண்ட், டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, பேசுபவரைப் பார்த்துப் பொய்யா மெய்யா என்று சொல்வதில் மனிதர்கள் சராசரியாக நூற்றுக்கு 54 முறையே சரியாக இருக்கிறார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்குமே!

ஆகவே பேச்சைக் கேட்கவும், கேள்வியைத் தொடுக்கவும் முறையான பயிற்சி வேண்டும். ஆனால் நீச்சல் பழகக் குளம் வேண்டுவதுபோல, விசாரணை பழக ஒரு சந்தேக நபர் வேண்டுமல்லவா? உண்மையான மனிதர்மேல் பழகிப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்பதை மேற்கண்ட வழக்கே சொல்லும். இதனால் நெதர்லாந்தின் போலீஸ் பயிற்சிக் கல்விக்கூடத்தில் நடிகர்களை அமர்த்திப் பயிற்சி தந்து வந்தனர். நடிகர் திருடனாக வந்து அமர்வார், மாணவர் விசாரிப்பார், ஆசிரியர் பார்த்துத் திருத்துவார். நல்ல முறைதான். எனினும் நடிகருக்குக் கூலி உண்டு, களைப்பு உண்டு. காலையில் முதல் மாணவரிடம் காட்டிய அதே முரண்டை மாலையில் பத்தாவது மாணவரிடம் காட்ட அவரால் இயலாது. மாணவருக்கும் ஆண்டுக்குச் சில முறைதான் வாய்ப்புக் கிடைக்கும்.

இந்தக் குறையை நீக்கக் கணிப்பொறியால் இயலுமா என்ற கேள்வியை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கையில் எடுத்தவர்கள், அதே நாட்டின் என்ஸ்கெடே நகரிலுள்ள ட்வென்டே பல்கலைக்கழகத்தார். திரையில் ஒரு மனித உருவம் உட்கார்ந்திருக்கும். கேள்வி கேட்டால் பதில் சொல்லும், கோபித்துக்கொள்ளும், கையைக் கட்டிக்கொண்டு வாய் மூடியிருக்கும். அதற்கென ஒரு குணமும் இருக்கும். மெரெய்ன் பிரௌனஸ் என்ற ஆய்வாளர் இதையே பொருளாகக் கொண்டு 2016-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இங்கே ‘நம்பத்தக்க பாத்திரம்’ என்ற சொல்லைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அச்சு அசலாக மனிதரைப்போல் தோன்றுவது என்பதல்ல இதன் பொருள். தோல்பாவைக் கூத்தில் ஆடுவது ஆட்டுத்தோல் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அரிச்சந்திரன் சுடுகாடு காக்கும் இடத்தில் பார்ப்பவர் கண் கலங்குகிறது. ஏன்? அந்தப் பாவைக்கு ஒரு மனம் இருப்பதாகவும், அது நடந்ததை நினைவில் வைத்து வருந்துவதாகவும் நாம் கொள்கிறோம். செய்கைக்குப் பின்னால் காரணம் தெரிந்தால் போதும், நம்பிக்கை பிறந்துவிடும். டிஸ்னி நிறுவனத்துக் கேலிச்சித்திரக் கலைஞர்கள் வெகுகாலம் முன்பே கண்டுகொண்ட இந்த உண்மையைக் கணிப்பொறித் துறைக்குக் கொண்டுவந்தவர், 1990-களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்த ஜோசப் பேட்ஸ்.

கோபமும் அச்சமும் எண்களாக

கணிப்பொறிக்கு மனம் ஏது? இல்லைதான். ஆனால் மனத்தின் சில போக்குகளை எண்களால் பின்பற்றிக் காட்ட முடியும். இதை முதன்முதலில் துணிந்து செய்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் கென்னத் கோல்பி. 1972-இல் அவர் ‘பாரி’ என்றொரு பாத்திரத்தைப் படைத்தார். பாரிக்கு 28 வயது, மணமாகாதவன், அஞ்சலகத்தில் வேலை, குதிரைப் பந்தயத்தில் பித்து. பந்தயத் தரகன் ஒருவனுடன் ஏற்பட்ட தகராறில், ஒரு கொள்ளைக் கூட்டம் தன்னைக் கொல்லத் தேடுகிறது என்று நம்புகிறவன். உருவம் கிடையாது, தட்டச்சில் கேட்டால் தட்டச்சில் பதில் வரும்.

பாரியின் உள்ளே மூன்று எண்கள் இருந்தன: அச்சம், கோபம், அவநம்பிக்கை. எதிராளியின் சொற்களைப் பொறுத்து இவை ஏறும். பேச்சு நயமாகச் சென்றால் இறங்கும். இறங்கும் வேகத்தில்தான் கோல்பியின் நுட்பம் இருக்கிறது. கோபம் விரைவில் தணியும். அச்சம் மெல்லத் தணியும். அவநம்பிக்கையோ ஊர்ந்து ஊர்ந்துதான் குறையும். நம் வீட்டுச் சண்டைகளை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும். பாரியின் உரையாடலையும் உண்மை நோயாளிகளின் உரையாடலையும் கலந்து மனநல மருத்துவர்களிடம் கொடுத்தபோது, எது எவருடையது என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக அவர்களால் சொல்ல முடியவில்லை!

குணம் என்று நாம் சொல்வதும் இவ்வாறே எண்ணாகிவிடுகிறது. மண்பானையும் பித்தளைப் பானையும் ஒரே அடுப்பில் இருந்தாலும் சூடேறும் வேகம் வேறு, ஆறும் வேகம் வேறு. முன்கோபிக்குக் கோபம் ஒரே சொல்லில் உச்சிக்கு ஏறும். பொறுமைசாலிக்குப் பத்துச் சொல் வேண்டும். எந்த நிலையில் தொடங்குகிறான், ஒரு சொல்லுக்கு எவ்வளவு அசைகிறான், எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறான் ஆகிய மூன்றையும் மாற்றி அமைத்தால், ஒரே நிரலிலிருந்து வெவ்வேறு மனிதர்கள் பிறக்கிறார்கள்.

லியரியின் ரோஜா

பாரி தன் நோயைத் தவிர வேறெதையும் அறியாதவன். விசாரணை அறையில் அமரும் பாத்திரத்துக்கு அது போதாது. எதிரில் இருப்பவர் நடந்துகொள்ளும் விதத்துக்குத் தக்கபடி அது மாற வேண்டும். இதற்கு ட்வென்டே ஆய்வாளர்கள் கையாண்டது 1957-இல் அமெரிக்க உளவியலாளர் திமோதி லியரி வெளியிட்ட ஒரு வட்டப்படம். (பிற்காலத்தில் போதை மருந்துகளுக்காகக் குரல் கொடுத்துப் பெயர் கெட்ட அதே லியரிதான்.) பூவைப்போல் எட்டு இதழ்கள் கொண்டதால் டச்சுக்காரர்கள் இதை ‘லியரியின் ரோஜா’ என்று அழைக்கிறார்கள். அவர்கள் நாட்டில் ஆசிரியப் பயிற்சியிலும் அலுவலகப் பயிற்சியிலும் இது நன்கு பழகிய ஒன்று.

ஒரு தாளில் பெரிய கூட்டல் குறி வரைந்துகொள்ளுங்கள். நெடுங்கோட்டின் உச்சியில் ‘மேல்’ என்றும் அடியில் ‘கீழ்’ என்றும் எழுதுங்கள். கிடைக்கோட்டின் வலப்பக்கம் ‘இணக்கம்’, இடப்பக்கம் ‘எதிர்ப்பு’. ஒருவர் மற்றவரிடம் பழகும் தோரணை எதுவாயினும் இத்தாளில் ஒரு புள்ளியாக அமைந்துவிடும் என்பது லியரியின் கருத்து. உச்சியிலிருந்து வலமாகச் சுற்றிவந்தால் எட்டு இதழ்கள்: வழிநடத்துதல், உதவுதல், ஒத்துழைத்தல், பின்பற்றுதல், ஒதுங்குதல், முரண்டுதல், தாக்குதல், போட்டியிடுதல்.

இரண்டே விதிகள். மேல்-கீழ்க் கோட்டில் எதிரெதிர் ஈர்க்கும்: ஒருவர் மேலே ஏறி அதிகாரம் செய்தால் மற்றவர் கீழே இறங்குவார். இணக்கம்-எதிர்ப்புக் கோட்டில் ஒத்தது ஒத்ததை ஈர்க்கும்: சிரித்தால் சிரிப்பு, சீறினால் சீற்றம். இரவு நேரம் கழித்து வரும் மகனிடம் “எங்கே போய்த் தொலைந்தாய்?” என்று தந்தை கேட்கிறார். இது மேல், அதோடு எதிர்ப்பு. மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு “எங்கேயும் இல்லை” என்கிறான். இது கீழ், அதோடு எதிர்ப்பு. ரோஜாவின் விதிப்படியே நடந்திருக்கிறது.

இதைக் கணிப்பொறியில் எப்படி அமைப்பது? எடுத்துக்காட்டுக்கு நாமே ஒரு பாத்திரத்தைப் படைத்துப் பார்ப்போம். ரயில் நிலைய வாசலில் சைக்கிள் திருடியதாகச் சந்தேகிக்கப்படும் 19 வயது வாலிபன். (டச்சு நாட்டில் சைக்கிள் திருட்டுக்குப் பஞ்சமே இல்லை.) அவனுடைய இணக்கம் பத்துக்கு மூன்று, அச்சம் ஐந்து, அவநம்பிக்கை ஆறு என்று வைத்துக்கொள்வோம். இணக்கம் ஐந்தைத் தாண்டினால்தான் தான் கண்டதைச் சொல்வான்.

பயிற்சி பெறும் அதிகாரி தொடங்குகிறார்: “உன் கதையெல்லாம் எங்களுக்குத் தெரியும். மரியாதையாக ஒப்புக்கொள்.” மேல், எதிர்ப்பு. வாலிபனின் இணக்கம் ஒன்றுக்கு இறங்குகிறது. புள்ளி ‘முரண்டுதல்’ இதழுக்கு நகர்கிறது. பதில் வருகிறது: “தெரியுமென்றால் என்னை ஏன் கேட்கிறீர்கள்?” இங்கேதான் சோதனை. அதிகாரியும் மனிதர்தாமே! வாலிபனின் எதிர்ப்பு அவரையும் எதிர்ப்புப் பக்கம் இழுக்கிறது. அவர் குரலை உயர்த்தினால் அடுத்த அரைமணி நேரமும் வீண். மாறாக, விதியைத் தெரிந்துகொண்டவர் வலப்பக்கம் நகர்ந்து, உச்சியை விட்டுச் சற்றே இறங்குவார்: “சனிக்கிழமை வேலை முடிந்து வெளியே வந்தீர்கள் அல்லவா? அதிலிருந்து நடந்ததை உங்கள் போக்கில் சொல்லுங்கள். நான் குறுக்கிடமாட்டேன்.” இணக்கம் உடனே ஏழுக்குத் தாவிவிடாது, அவநம்பிக்கை ஊர்ந்துதானே குறையும்? இரண்டாகும், பிறகு மூன்றாகும். “ரயில் நிலையத்துக்குத்தான் போனேன்” என்று ஒற்றை வரி வரும். அதைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக மேலே செல்ல வேண்டும்.

ஆகப் பயிற்சியில் அடக்கப்படுவது திரையிலுள்ள வாலிபனின் முரண்டு அல்ல. நாற்காலியிலுள்ள அதிகாரியின் சினம். இதற்காகவே பாத்திரத்துக்குக் குணம் தேவைப்படுகிறது. எதைக் கேட்டாலும் ஒரே மாதிரி பதில் சொல்லும் பொம்மை எவருக்கும் சினமூட்டாது.

முகம் முறிந்தால்

ரோஜா ஒன்றே போதவில்லை. பயிற்சி விசாரணைகளின் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்தபோது நெருக்கம், விசாரணை உத்தி ஆகியவற்றோடு வேறொன்றும் முக்கியம் என்று தெரிந்தது. அதைத் தமிழில் விளக்குவது எளிது: ‘முகம்’. முகம் கொடுத்துப் பேசுகிறோம். முகம் முறியும்படி நடந்துகொள்கிறோம். முகத்தில் கரி பூசுகிறோம். 1955-இல் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் இதே சொல்லை ஆராய்ச்சிக் கருத்தாக ஆக்கினார். பெனிலோபி பிரௌன், ஸ்டீவன் லெவின்சன் இருவரும் அதை விரித்து மரியாதைப் பேச்சு பற்றிய கொள்கையாக வகுத்தனர். அவர்கள் சான்று திரட்டிய மூன்று மொழிகளில் நம் தமிழும் ஒன்று. கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சு அது. மற்ற இரண்டு ஆங்கிலமும், மெக்சிகோவிலுள்ள செல்டால் மொழியும்.

மனிதருக்கு இருவகை முகம் உண்டு என்கிறார்கள் இவர்கள். பிறர் தன்னை மதிக்க வேண்டும், விரும்ப வேண்டும் என்பது ஒன்று. பிறர் தன்மேல் எதையும் திணிக்கக்கூடாது என்பது மற்றொன்று. விசாரணைக் கேள்வி ஒவ்வொன்றும் இரண்டையுமே உரசுகிறது. “அன்று குடித்திருந்தீர்களா?” என்பது முதல் முகத்தை உரசும், “இப்போதே பதில் சொல்லுங்கள்” என்பது இரண்டாவதை. டச்சு மொழியிலும் நம்மைப்போல ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு உண்டு. எதைச் சொல்லி அழைப்பது என்பதிலேயே விசாரணையின் தட்பவெப்பம் பாதி முடிவாகிவிடுகிறது. நம் ஊர் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

இக்கொள்கைகள் நியூட்டனின் விதிகளைப்போல் பிசகாதவை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அதட்டலுக்குப் பணியாமல் எதிர்த்து எழுபவர்களும், நயமான பேச்சைக் கேட்டு மேலும் ஒதுங்குபவர்களும் உண்டு. ஒரே ஒளிப்பதிவைப் பலரிடம் காட்டி ‘இவர் எந்த இதழில் இருக்கிறார்?’ என்று கேட்டால் விடைகள் ஒத்துப்போவதில்லை என்பதையும் ட்வென்டே ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். பார்ப்பவர்களே ஒத்துப்போகாத ஒன்றைப் பொறி எப்படித் துல்லியமாகக் காட்டும்? இது நியாயமான ஐயம்.

பேச்சைப் புரிந்துகொள்வதும் நெடுநாள் தடையாக இருந்தது. மாணவர் தம் சொந்தச் சொற்களில் கேட்டால் பழைய நிரல்கள் திணறின. திரையில் தரப்பட்ட கேள்விகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஆயிற்று. 2022-க்குப் பின் பரவிய பெரும் மொழி மாதிரிகள் இந்தத் தடையைப் பெருமளவு நீக்கிவிட்டன. எதைக் கேட்டாலும் சரளமாகப் பதில் தருகின்றன. ஆனால் அவற்றின் இயல்பே கேட்டவரை மகிழ்விப்பது. ‘தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்’ என்றதும் குற்றத்தை ஒப்புவித்துவிடும் சந்தேக நபரால் யாருக்கு என்ன பயன்? தான் முன்பு சொன்ன பொய்யை மறந்து, பத்தாவது கேள்வியில் வேறொன்று சொல்வதும் உண்டு. ஆகையால் நாவன்மை மட்டும் இருந்தால் போதாது. உள்ளே நின்று ‘இப்போது பேசாதே, உன் அவநம்பிக்கை இன்னும் குறையவில்லை’ என்று கட்டளையிடும் பழைய எண்கள் இப்போதும் வேண்டியிருக்கின்றன என்பதே என் எண்ணம்.

குற்றவாளியா, நிரபராதியா?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பயிற்சியில் வெற்றி என்பது எது? ‘ஒப்புக்கொள்ள வைத்தால் நூறு மதிப்பெண்’ என்று வைத்துவிட்டால், ஸ்கீடாம் விசாரணையையே கணிப்பொறியில் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

இதை முன்பே உணர்ந்து ஓர் ஏற்பாட்டைச் செய்தவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தார். 1990-களில் டேல் ஓல்சன் என்பவர் அந்நாட்டு மத்தியப் புலனாய்வுத் துறையின் பயிற்சிக்காக ‘மைக் சிம்மன்’ என்ற பாத்திரத்தை உருவாக்கினார். மைக் ஒரு வங்கி ஊழியர். வங்கிப் பணம் காணாமற்போனதில் அவர்மீது சந்தேகம். ஒரு நடிகரை வைத்து முன்கூட்டியே படமெடுத்த ஏராளமான துணுக்குகளிலிருந்து, கேள்விக்கும் மனநிலைக்கும் ஏற்ற பதிலைக் கணிப்பொறி பொறுக்கி எடுத்துக் காட்டும். இதில் அழகு என்னவென்றால், மைக் குற்றவாளியா இல்லையா என்பதை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே கணிப்பொறி தீர்மானித்துவிடும், மாணவருக்குச் சொல்லாது. நிரபராதியான மைக்கும் பதறுவார், அவமதித்தால் கோபிப்பார். பதற்றத்தைக் கண்டு ‘இவன்தான்’ என்று முடிவு கட்டும் மாணவர் தோற்றுப்போவார்.

குழந்தைகளை விசாரிக்கும் பயிற்சியில் இது இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. தனக்குத் தீங்கு நேர்ந்ததா என்று ஒரு குழந்தையிடம் கேட்டறிவது மிகக் கடினமான வேலை. “அந்த மாமா உன்னை அடித்தாரா?” என்று விடையைக் கேள்விக்குள் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டால், நடக்காததற்கும் குழந்தை தலையாட்டிவிடும். “என்ன நடந்தது, சொல்லு” என்று கேட்டால் கொஞ்சமே சொல்லும்; ஆனால் சொல்வது பெரும்பாலும் நம்பத்தக்கதாக இருக்கும். ஃபின்லாந்தின் ஆபோ அகாடமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொம்பெட்டா, சாந்திலா முதலியோர் குழந்தை உருவில் அமைத்த கணிப்பொறிப் பாத்திரங்களை இந்த வேறுபாட்டின்மீதே கட்டினார்கள். எந்த வகைக் கேள்விக்கு எந்த வகைப் பதில் எத்தனை முறைக்கு ஒன்றாக வரும் என்று முந்தைய ஆய்வுகள் காட்டிய நிகழ்தகவுகளே இப்பாத்திரங்களின் மூளை. விடையைத் திணிக்கும் கேள்வி கேட்டால் இவையும் பொய்யாகத் தலையாட்டும்.

உரையாடல் முடிந்ததும், குழந்தைக்கு நேர்ந்தது என்ன என்று தாம் கருதுவதைப் பயிற்சி பெறுபவர் சொல்ல வேண்டும். பிறகு, அக்கதையில் உண்மையில் நடந்தது என்ன என்பது அவருக்குச் சொல்லப்படும். அவர் கேட்டவற்றில் எவை நல்ல கேள்விகள், எவை தீயவை என்பதும் எடுத்துக்காட்டப்படும். 2015-இல் வெளியான ஆய்வின்படி, இவ்வாறு சொல்லப்பட்டவர்கள் அடுத்தடுத்த உரையாடல்களில் திறந்த கேள்விகளை அதிகமாகக் கேட்டனர். சரியான முடிவுக்கும் அடிக்கடி வந்தனர். விளைவு சொல்லப்படாமல் வெறுமே பல முறை பழகியவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை.